பஞ்சாங்கத்தில் இல்லாத பல்லி

வெள்ளிக்கிழமை நான் மெட்ராஸில் அந்தமான் கப்பல் ஏற வேண்டும். புதன்கிழமை காலை அப்பாவின் தலையில் ஒரு பல்லி விழுந்தது.

இது எண்பத்து மூன்றில். மோகனூரிலிருந்து பல்லி ஆராய்ச்சிக்குக் கிளம்பிய முதல் பெண் நான்தான். ஆறு மாதம் அழுது, பட்டினி கிடந்து (நடுவில் திருட்டு முறுக்குத் தின்றது வேறு கதை) சம்மதம் வாங்கியிருந்தேன். அன்று அப்பா தன் புது லாரிக்குப் பாடி கட்ட மரம் பார்க்க, என்னையும் நாமக்கல் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அந்தமானிலிருந்து வந்த பலகை அடுக்கில் கை வைத்தார். உள்ளிருந்து துள்ளிய பல்லி அவர் வழுக்கையில் விழுந்து, வலமிருந்து இடமாகச் சறுக்கி ஓடியது.

தச்சர் பச்சமுத்து ரொம்ப விவரமானவர். “வலப்பக்கம்னாக் கலகமுங்க. இடப்பக்கம்னாத் துன்பமுங்க. பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குதுங்க.”

அப்பா பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டுமா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சாமி, நீ கப்பலேற வேண்டாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகைக்கடியில் பதுங்கியதை டிபன் டப்பாவில் பிடித்தேன். மூடியை நீக்கிப் பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டது. கிளிப்பச்சை உடம்பு, முதுகில் சிவப்புப் புள்ளிகள். யாரைத் தேடி நான் கடல் தாண்ட இருந்தேனோ, அந்த மகராசரே மரத்தோடு மரமாக நாமக்கல் வந்து சேர்ந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்பா, இது நம்மூட்டுப் பல்லி இல்லீங்க. அதுக்குப் பகல்ல கண்மணி கீறலாட்ட இருக்கும். இதுக்குப் பாருங்க, வட்டம். தீவுக்குத் தீவு ஒரு வகை இருக்குதுங்க. இதோட பங்காளிக எல்லாம் மடகாஸ்கர் பக்கம், இது மட்டும் அந்தமான்ல. பஞ்சாங்கம் எழுதுனவங்க இதக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டாங்க. அந்தப் பலன் இதுக்கு எப்படிங்க சேரும்?”

அப்பா டப்பாவுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பச்சமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“வட்டந்தானுங்க,” என்றார் பச்சமுத்து.

“அப்ப இது உழுந்தா என்ன பலன்?” என்று கேட்டார் அப்பா.

“எனக்குத் தெரியாதுங்க. அந்தத் தீவுல இருக்கறவங்களத்தான் கேக்கோணும்,” என்றேன் நான்.

அப்பா தலையை மெல்லத் தடவிக்கொண்டார்.

“சரி, போய்க் கேளு. நல்லதுன்னு சொன்னா அன்னைக்கே தந்தி அடி. கெட்டதுன்னு சொன்னா, படிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு.”