இரண்டு அங்குலம்

கோட்டையூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சகலருக்கும் இதனால் அறிவிப்பது: 1969ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு வளர்பிறை நாளில், நாச்சியப்பச் செட்டியார் வீட்டில் கூடிய பெரியோர்கள், அவருடைய மகள் தேனம்மையின் இடுப்பு இரண்டு அங்குலம் அதிகம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இடுப்புக்குச் சொந்தக்காரிக்கு வாக்குரிமை இல்லை.

காரணம் ஒட்டியாணம். மாப்பிள்ளை வீட்டு மருமகள்கள் நாலு தலைமுறையாகக் கல்யாணத்தன்று கட்டிவந்தது. முதலில் கட்டியவளுக்கு அப்போது வயது பதினொன்று. ஒரு கண்ணி சேர்த்தால் தீர்ந்துபோகும். பத்தருக்கு அரை நாள் வேலை.

"எங்க வீட்டுப் பெரியவுக காலத்து நகையில உளி படவா?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

நகையில் படக் கூடாது. ஆகவே பெண்ணின் மேல் பட்டது.

ஒட்டியாணத்தின் அளவுக்கு ஒரு நூலை வெட்டிக் கொடுத்துவிட்டு அவர் காரில் ஏறினார். மாப்பிள்ளை மெய்யநாதனும் பட்டணத்திலிருந்து கடிதம் போட்டிருந்தான்: பெண் ஒல்லியாக இருப்பதுதான் இப்போது நாகரிகமாம். தன் தொந்தியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

மறுநாள் முதல் தேனம்மைக்குக் காலையில் கொள்ளுத் தண்ணீர், மதியம் நீர்மோர், ராத்திரி மறுபடி கொள்ளுத் தண்ணீர். கல்யாண வீடு, வருகிறவர்களுக்காக அடுப்படியில் தினமும் பலகாரம் வெந்துகொண்டிருந்தது. விடிந்ததும் பெற்ற ஆத்தா நீலாயதாட்சி நூலோடு வருவாள்.

"வயித்த எக்குடி. மூச்சு விடாத."

"விட்டுட்டேன் ஆத்தா."

"அதான் எட்டல. மறுபடி எக்கு."

"இப்பத்தான் பொண்ணு முகத்துல லட்சணம் தெரியுது," என்று தெருவே பாராட்டியது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்ததை யாரும் பாராட்டவில்லை. ஒருநாள் யாருமில்லாத நேரத்தில், அதிரசத்தின் எண்ணெய் வடிய விரித்திருந்த செய்தித்தாளை எடுத்து நக்கினாள் தேனம்மை. யாரோ ஒரு மந்திரி பேசிய பேச்சு நாக்கில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அதையும் விழுங்கினாள்.

பங்குனியில் ஆத்தாவுக்கு வேறொன்று உறைத்தது. பெண் இரண்டு மாதமாக விலக்காகி ஒதுங்கி உட்காரவே இல்லை. அறைக் கதவு சாத்தப்பட்டது.

"யாருடி அவன்?"

"எவன் ஆத்தா?"

"செக்காலைக்கு டைப் படிக்கப் போனியே. அந்த வாத்தியாரா?"

வாத்தியார் சத்தியமூர்த்திக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு கண்ணில் புரை. கை நடுங்குவதால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை தட்டுவார். தேனம்மைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. உதடு கோணியதற்கே கன்னத்தில் விழுந்தது.

மருத்துவச்சி கருப்பியைக் கொல்லை வழியாகக் கூட்டி வந்தார்கள். அவள் வயிற்றை அமுக்கினாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"புள்ளையெல்லாம் ஒண்ணும் இல்ல ஆச்சி."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்க என்ன இருக்கு? உள்ள சோறே இல்லையே. பட்டினி போட்டா அதுவும்தான் நின்னு போகும். என்னதான் குடுக்கிறீக?"

"கொள்ளுத் தண்ணி."

"எங்க வீட்டு மாட்டுக்கும் அதான். கூட வைக்கோலும் போடுவோம்." கருப்பி கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கே சோத்தப் போடுங்க ஆச்சி. புள்ள தாங்காது."

நீலாயதாட்சி மகளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். குடும்ப மானம் பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கருப்பிக்கு ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொடுத்தாள். அக்கம்பக்கத்துக்குத் தட்டுத் தட்டாக முறுக்குப் போயிற்று. தேனம்மையும் கையை நீட்டினாள்.

ஆத்தா அந்தக் கையைப் பிரியமாகத் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"எல்லாம் உனக்குத்தான்டி ராசாத்தி. தாலி ஏறித் திருப்பூட்டு முடியட்டும், வயிறாரச் சாப்பிடு."

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொரு நாள் இருந்தது.