ஊறிக்கொண்டிருந்த பால் பாத்திரம்

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பேன். சின்னக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் காபி போட்டுக் குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு, சிங்கில் இருக்கும் பெரிய பால் பாத்திரத்தில், வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன்.

அந்தப் பாத்திரத்தின் அடி கருகியிருந்தது. என் மனைவி இறந்த அன்று காலை கருகியது. எதிர்வீட்டுக்காரர் ஒரு சோபாவை மாடிப்படியில் ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தோம். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

"சோபாவும் ஏறல, பாலும் மிஞ்சல" என்றாள்.

எவர்சில்வர் கருகினால் அவளிடம் ஒரே வைத்தியம்தான். இரண்டு கரண்டி சமையல் சோடா, அதன் தலையில் வினிகர். நான் வேதியியல் படித்தவன். குடிநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை.

"ரெண்டையும் சேர்த்தா ஒண்ணை ஒண்ணு கெடுத்துக்கும். கடைசியில வெறும் உப்புத் தண்ணிதான் மிஞ்சும். சோடாவை மட்டும் போட்டு ஊற வை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

"நுரை எப்படிப் பொங்குது பாருங்க விஞ்ஞானி. அதைப் பார்க்கிறதுக்காகவே ஊத்துவேன்" என்பாள்.

அன்றும் பொங்கவிட்டு ரசித்தாள். அப்புறம் எனக்காகப் போனால் போகிறதென்று அதைக் கொட்டிவிட்டு, சோடா மட்டும் போட்டு வெந்நீர் ஊற்றினாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறாள் என்று நினைத்தாராம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நான் "சரி" என்றேன். அவர் இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னார். அதற்கும் "சரி" என்றேன்.

வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள். மாமியார் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தபோது, "அது இருக்கட்டும் அத்தை" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாரைக் கீழே வைத்துவிட்டார். அது ஊறிக்கொண்டிருக்கிற வரை அந்தக் காலை இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். நேராக சிங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, மீன் வளர்க்கிறியா?"

"இருக்கட்டும்க்கா."

"இருக்கட்டும் இருக்கட்டும்னு தாடியையும்தான் வளர்த்து வச்சிருக்க. போ, ஷேவ் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வா. ஆளைப் பார்த்தாலே பக்குங்குது."

சொன்னபடி செய்தேன். அப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் செய்தேன்.

திரும்பி வந்தபோது சிங்க் காலியாக இருந்தது. பாத்திரம் மேடைமேல் இருந்தது.

"இடுப்பு ஒடியப் போகுதுன்னு நினைச்சேன்டா" என்றாள் அக்கா. "தேய்க்கவே தேவைப்படல. விரல் பட்டதும் கருப்பெல்லாம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. பிழிஞ்ச எலுமிச்சை மூடியால ஒரு சுத்து, காஞ்ச துணியில ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு ஒரு துடைப்பு. கடையில இப்பதான் வாங்கினாப்பல இல்ல?"

கையில் கொடுத்தாள். உள்ளே பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. அலமாரியில் மற்றதோடு வைத்தால் எது அது என்று எனக்கே தெரியாது. அடியில் சவரம் செய்த ஒரு முகம் தெரிந்தது. தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

அக்கா பதறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையை என் தோளில் வைத்தாள். எலுமிச்சை வாசனை அடித்தது.

"என்னடா தம்பி? இந்தப் பாத்திரத்துல என்ன இருக்கு? அவ ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"

சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"அதைத் தொடாதீங்க. நல்லா ஊறட்டும். சாயங்காலம் நான் வந்து தேய்ச்சுக்கிறேன்."