ப்ளீஸ், மேடம்

வாஷிங்டனுக்கு வெளியே தொலைவில் இருக்கும் டேல் சிட்டியில் வீடு வாங்கியவர்கள் அந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறுகளில்தான். மற்ற நாட்களில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார்கள். வாஷிங்டனில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே புல்வெளியோடு வீடே கிடைக்கிறது என்று வந்தவர்கள்தான் எல்லோரும். வீடு கிடைத்தது. அதில் உட்காரத்தான் நேரம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனதுகூட, வாசலில் நிற்கும் கார் வேறு நிறமாக இருப்பதைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரியவரும்.

வெர்னிட்டா இங்கே வந்தபோது மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் டெக்ஸஸில். கணவனைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருப்பான், அவனுக்கென்ன கேடு" என்பாள். அரசாங்க அலுவலகத்தில் வேலை. விடிவதற்கு முன்பே நீலக் காரை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் திடலுக்குப் போவாள். அங்கே ஊர் பேர் தெரியாத ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு காரில் மூன்று பேர் இருந்தால்தான் நெடுஞ்சாலையின் விரைவுப் பாதையில் காசில்லாமல் பறக்கலாம். இல்லாவிட்டால் மற்ற வண்டிகளோடு ஊர்ந்து சாக வேண்டியதுதான். ஓட்டுகிறவருக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வண்டி வேண்டும். "பென்டகன்!" என்று குரல் கொடுத்தால் வரிசையின் தலையில் நிற்கும் இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள்.

இந்தப் பயணிகளுக்கு ஸ்லக் என்று பெயர். காசு வாங்குவதில்லை, பெயர் கேட்பதில்லை. ஏறியவர் தானாக வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுகிறவர் பேசினால் பேசலாம். ஜன்னலைத் திற, ஹீட்டரைக் குறை, ரேடியோவை மாற்று என்று எதுவும் கேட்கக் கூடாது. இறங்கும்போது ஒரு நன்றி. அவ்வளவுதான். இதை மீறுகிறவர்களைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால், கொலைகாரனைக்கூட இவ்வளவு திட்ட மாட்டார்கள் என்று தோன்றும்.

வெர்னிட்டாவும் அப்படித்தான். ஒருமுறை ஒரு பெண் வழியெல்லாம் தன் மாமியாரைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டாள் என்று ஒரு மாதம் புலம்பினாள்.

அதனால்தான் தொப்பிக்காரரை அவளுக்குப் பிடித்திருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, மடியில் சாப்பாட்டுப் பை. முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் கண்ணை மூடிவிடுவார். பென்டகன் வந்ததும் தானாகவே விழித்து, "நன்றி, மேடம், கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்பார். வருஷக்கணக்கில் இதே கதை. அவர் இல்லாத நாளில் கார் ஏனோ காலியாக இருப்பதுபோல் இருக்கும். ஆனாலும் பெயர் கேட்டதில்லை. எதற்குக் கேட்பது?

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவர் முன்னால் ஏறினார். பின்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்ட ஒரு பெண். விரைவுப் பாதையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் அசைந்தார். முகம் வியர்த்திருந்தது.

"ப்ளீஸ், மேடம்..."

ஹீட்டரைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று வெர்னிட்டா நினைத்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இவருமா என்று சுருக்கென்று கோபம் வந்தது. அவர் பக்கம் திரும்பாமலேயே கை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த ஸ்லக்குக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பென்டகனில் பின்னால் இருந்த பெண் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவர் இறங்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. "சார், வந்தாச்சு" என்று அவள் தோளைத் தொட்டபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். மாரடைப்பு. போலீஸ்காரர் அவருடைய சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வாசித்தார். எபோ குவான்சா. டேல் சிட்டி. பீச்வுட் தெரு.

"என்ன தெரு?" என்று கேட்டாள் வெர்னிட்டா.

"பீச்வுட். ஏன் மேடம், உங்களுக்குத் தெரிஞ்ச இடமா?"

அவள் குடியிருப்பது அந்தத் தெருவில்தான். அவர் வீடு அதே வரிசையில், நாலு வீடு தள்ளி.

சனிக்கிழமை கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனாள். துக்கத்துக்காகக் கருப்பும் சிவப்புமாகத் துணி உடுத்திய கானா நாட்டு ஜனங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அராபா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வெர்னிட்டாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் நீலக் கார் சிஸ்டரா? இவர் உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு. வீட்டுக் கட்டில்லகூட இப்படித் தூக்கம் வராதாம். வேற கார் வந்தா, பின்னால நிக்கிறவர முன்ன போகச் சொல்லிட்டு உங்க காருக்குன்னு காத்திருப்பாராம். அந்த வண்டியால எங்களுக்குள்ள சண்டையே வந்திருக்கு, போங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அராபாவும் சிரித்தாள், சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதாள்.

"நாலு வீடு தள்ளி இருந்திருக்கீங்க. தெரிஞ்சிருந்தா வாசல்லயே ஏறியிருப்பாரு. இந்தக் குளிர்ல திடலுக்குப் போற பஸ்ஸுக்கு ஓடியிருக்க வேண்டாம்."

வெர்னிட்டாவுக்குக் கேக் வைத்திருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சிஸ்டர், கடைசியா ஏதாவது சொன்னாரா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இல்ல, மிஸஸ் குவான்சா. தூங்கிட்டாரு. எப்பவும்போலத் தூங்கினாரு."

"தூக்கத்துலயே போயிட்டாரு" என்று ஒரு கிழவர் மற்றவர்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னார். அந்தச் சொல் கூடத்தைச் சுற்றி வந்தது. எல்லோர் முகமும் கொஞ்சம் தெளிந்தது. பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று வெர்னிட்டாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வாசல்வரை வந்த அராபா கேட்டாள்: "ஒரு நாள் என்னையும் அந்த வழியில கூட்டிட்டுப் போவீங்களா? அவர் தினம் போன வழி. நான் பார்த்ததே இல்ல."

அடக்கம் முடிந்த மறுவாரம் அராபா நீலக் காரில் ஏறினாள், தன் வீட்டு வாசலிலேயே. மூன்றாவது ஆள் வேண்டுமே, திடலில் ராணுவ உடுப்பு போட்ட ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அராபா ஒரு வார்த்தை பேசவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, எதிரே விரியும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ என்று வெர்னிட்டா முதலில் பயந்தாள். பிறகுதான் புரிந்தது. இந்த இருக்கையில் உட்காருகிறவர் முதலில் பேசக் கூடாது என்று எபோ வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். ஓட்டுகிறவள்தான் தொடங்க வேண்டும்.

விரைவுப் பாதையில் ஏறினார்கள். அந்த இடம் வந்தது. வெர்னிட்டா கை நீட்டி ரேடியோவை அணைத்தாள்.

"நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

அராபா திரும்பினாள்.

"அவர் பேசினாரு. 'ப்ளீஸ், மேடம்'னு சொன்னாரு. அதுக்கு மேல சொல்ல நான் விடல. ஹீட்டரக் குறைக்கச் சொல்றாருன்னு நினைச்சு ரேடியோவக் கூட்டிட்டேன். அவரும் சும்மா இருந்துட்டாரு."

அராபா மறுபடி பாதையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க ஆளுங்க எல்லாத்துக்கும் ப்ளீஸ்தான் சிஸ்டர். காலை வணக்கத்துக்கும் ப்ளீஸ். பேர் என்னன்னு கேட்டா, ப்ளீஸ், எபோன்னுதான் சொல்லுவாரு. தண்ணி கேக்க வந்தாரோ, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல வந்தாரோ... எனக்கு ஏதாச்சும் சொல்லி அனுப்ப வந்தாரோ."

தோளில் கிடந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னிட்டா காத்திருந்தாள், திட்டுக்காக. திட்டியிருந்தால் தேவலாம்.

"என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க."

"கேட்டிருக்கலாம்" என்றாள் வெர்னிட்டா. கண்ணீரில் பாதை கலங்கியது. துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

பென்டகனுக்கு இன்னும் தூரம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் இருந்தவரின் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சார்!" என்று கத்திவிட்டாள். "சார்!"

அந்த மனிதர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். "என்ன, வந்தாச்சா?"

"இல்ல. நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த அராபாவைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கேன் மேடம்" என்று விறைப்பாகச் சொன்னார். அதன்பின் அவர் கண்ணை மூடவே இல்லை. இறங்கும்போது நன்றியும் சொல்லவில்லை.

மறுநாள் வெர்னிட்டா வழக்கம்போல் திடலுக்குப் போனாள். வரிசையின் தலையில் அதே ராணுவ உடுப்புக்காரர். "பென்டகன்!" என்று குரல் கொடுத்தாள். அவர் நீலக் காரைக் குனிந்து பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னார். பின்னால் நின்றவர் ராணுவ உடுப்புக்காரரின் காதோடு என்னவோ கேட்டுவிட்டு, அடுத்தவரைக் கைகாட்டினார்.