நிற்காத ஜீப்புக்கு டிஸ்க் பிரேக்

ஆம்பூரில் மெக்கானிக் ஹம்மாத்தின் ஷெட்டில் நின்றிருந்த 1964ஆம் வருடத்து ஜீப், சாவி போடாமல், எஞ்சின் ஓடாமல், 2022 ஏப்ரல் நான்காம் தேதி காலை ஆறேகால் மணிக்குத் தானாக நகரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு ஃபர்லாங், அதாவது இருநூறு மீட்டர், போயிற்று. மேடோ பள்ளமோ அதன் வேகத்தில் வித்தியாசம் இல்லை. சக்கரத்துக்கு முன்னால் வைத்த கருங்கல் அரை மணி நேரத்தில் மாவாகிப்போனது. தண்டவாளக் கட்டையும் அப்படியே. லாரி கட்டும் சங்கிலியால் பின்னாலிருந்து புளியமரத்தில் கட்டினார்கள். மரம் சாய ஆரம்பித்ததும் ஹம்மாத்தே அவிழ்த்துவிட்டான். அன்று காலையிலேயே ஷெட்டின் பக்கச் சுவரைச் செங்கல் செங்கலாகப் பிரித்து வழிவிட்டார்கள். நெடுஞ்சாலையைக் கடக்க அது ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். தோல் கம்பெனி பஸ்கள் அன்று தாமதமாகப் போயின. ஷிப்டுக்குப் பிந்தியவர்களிடம் சூப்பர்வைசர்கள் காரணம் கேட்கவில்லை.

ஜீப்பின் சொந்தக்காரர் டைட்டஸ். ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தைந்து வருடம் டிரைவராக இருந்து, ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட இந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்து, ஜவ்வாது மலையிலிருந்து புளி மூட்டையும் சாமை மூட்டையும் இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஜீப்புகளில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் ஆயில் போவது ஒரே வழி. எந்த இடத்தில் ஒழுகினாலும் நாலும் போய்விடும். அதனால்தான் பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டு, முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி என்று பிரித்துத் தரச் சொல்லி மார்ச் மாதம் ஹம்மாத்திடம் வண்டியை விட்டார். சாமான்கள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வரவில்லை. சனிக்கிழமை ஒரு லோடு இருக்கிறது, வண்டி வேண்டும் என்று டைட்டஸ் வந்து நின்றார். பின்பக்கம் இடது சக்கரத்துக்குப் போகும் பைப்பில் கசிவு இருப்பதை ஹம்மாத் முந்தின நாளே பார்த்திருந்தான். அந்தப் பைப்பைப் பிளையரால் நசுக்கி மடித்து அடைத்தான். மூன்று சக்கரம் பிடிக்கும், இரண்டு நாள் தாங்கும் என்பது அவன் எண்ணம். டைட்டஸ் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஜோரா இருக்குண்ணே, போய்ட்டு வாங்க" என்றான்.

சனிக்கிழமை லோடோடு மலையிலிருந்து இறங்கும்போது ஏழாவது வளைவில் நசுக்கிய இடம் பிளந்தது. டைட்டஸ் வண்டியை மலைப்பக்கம் சாய்த்துப் பாறையில் உரசி நிறுத்தினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த லோடுமேன் மதியழகன் பள்ளத்தில் விழுந்து அங்கேயே இறந்தான். முப்பத்து நாலு வயது. திங்கட்கிழமை காலை டிஸ்க் பிரேக் சாமான்கள் பார்சலில் வந்து சேர்ந்தன. ஹம்மாத் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பலகையின் மேல் வைத்தான்.

வண்டியைச் சோதித்த அதிகாரி பழைய பைப், துருப்பிடித்து விட்டுப்போனது என்று எழுதினார். போலீஸ் டைட்டஸ் மேல் கேஸ் போட்டது, லைசென்ஸ் போயிற்று. அவர் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், தப்பு தன்னுடையது என்றே சொன்னார். ஹம்மாத் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவி பில்கிஸ், தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து, அந்த வண்டிக்கு நீ என்ன செய்தாய் என்று ஒருநாள் உருதுவில் நேராகவே கேட்டாள். ரிப்பேர் செய்தேன் என்று சொல்லி எழுந்துபோனான். கேஸ் போட்ட பிறகு ஜீப்பைக் கட்டி இழுத்து அவன் ஷெட்டிலேயே விட்டார்கள். அது நகர ஆரம்பித்தது விபத்து நடந்த ஒன்பதாம் நாள்.

நல்ல பிரேக் போட்டால் நின்றுவிடும் என்று ஹம்மாத் நம்பினான். போகிற வண்டியிலேயே வேலையை ஆரம்பித்தான். உருளும் ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கியும் கூடவே உருண்டு வந்தது. தூக்கிய சக்கரமும் சுற்றுவதை விடவில்லை. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அடுத்த நட்டு கைக்கு வாகாக மேலே வரும்வரை சாலையில் மண்டியிட்டபடி நகர்ந்துகொண்டே காத்திருக்க வேண்டும். டைட்டஸ் தோளில் கட்டோடு வந்து ஒற்றைக் கையால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். டிரம்கள் இறங்கின, டிஸ்க்குகள் ஏறின, புதிய மாஸ்டர் சிலிண்டர், புதிய பைப்புகள். பதினொரு நாள் ஆயிற்று. கடைசியில் ஹம்மாத் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தான். கல் மாதிரி இருந்தது. பிரேக் பேட்கள் டிஸ்க்கை இறுகக் கவ்வின. கவ்விய பிடிக்குள்ளேயே டிஸ்க் சத்தமில்லாமல் சுற்ற, ஜீப் போய்க்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் இருவரும் அதனோடு நடந்தார்கள். ஆளில்லாத வண்டி ஊருக்குள் போகக்கூடாது என்று தாசில்தார் சொல்லியிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட வேண்டியிருக்கவில்லை; திருப்பங்களை அதுவே எடுத்தது. ஒடுகத்தூர் ரோட்டில் திரும்பியபோதுதான் அது எங்கே போகிறது என்று ஹம்மாத்துக்கு உறைத்தது. ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் மதியழகனின் வீடு. டைட்டஸுக்கும் புரிந்திருக்க வேண்டும். "நான்தான் பாய், மேலேர்ந்தே ஃபர்ஸ்ட் கியர்ல எறங்கி இருக்கணும்" என்றார். அதை அவர் சொல்வது நூறாவது தடவையாக இருக்கும். அன்று ஒரு கொய்யாத் தோப்பு ஓரம், பட்டப்பகலில், ஹம்மாத்தால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணே, அந்தப் பைப்ப நசுக்கி அடைச்சது நான்."

"எந்தப் பைப்ப?"

"பின்னாடி, லெஃப்ட்டு. லீக் இருந்துச்சு. சாமான் வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லல."

டைட்டஸ் ஜீப்பின் பம்பரில் கை வைத்தபடியே கொஞ்ச தூரம் நடந்தார். ஜோரா இருக்குன்னியே என்றார். ஆமாம், சொன்னேன் என்றான் ஹம்மாத். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே, பாய். நான் போயிருக்கவே மாட்டேனே." பிறகு தோப்புக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, பஸ் வரும்வரை ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று, ஏறிப் போய்விட்டார்.

நூற்று முப்பத்தோராம் நாள் ஜீப் மதியழகனின் தெருவுக்குள் நுழைந்தது. அவன் மனைவி சங்கீதா வாசலில் உட்கார்ந்து ஷூ கம்பெனிக்காக மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினாள். "மூணு நாளா வயல்ல வர்றத பாத்துனுதான் இருக்கேன். இன்னாத்துக்கு இங்க வருது?"

ஹம்மாத் தான் யார் என்று சொன்னான். என்ன செய்தான் என்றும் சொன்னான். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. வண்டியோடு மெல்ல நகர்ந்துகொண்டே, தலையை அவள் பக்கம் திருப்பிச் சொன்னான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவுரு குந்தினு இருந்த மூட்டைக்கு அடியிலயா அந்தப் பைப்பு?"

"ஆமாம்மா. நேர் கீழ."

அவள் தோலை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "இத்த கோர்ட்ல சொல்வியா?"

"சொல்றேன்."

"அப்ப போய்ச் சொல்லு. என் வூட்டு வாசல்ல இது நிக்கக் கூடாது. நீயும் நிக்கக் கூடாது."

நிறுத்தினால் நிற்காத வண்டியை வேகமாகப் போகச்செய்யவும் வழியில்லை. அவள் வீட்டைத் தாண்ட அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க சங்கீதா கதவைச் சாத்தவில்லை. வாசற்படியில் நின்று, முன் பம்பரிலிருந்து பின் சக்கரம் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஹம்மாத் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கோர்ட்டில் அவன் சொன்னான். சொல்ல வேண்டாம் என்று வக்கீல் தடுத்தும் சொன்னான். அவன் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மலைப்பாதையில் ஊர்ந்துகொண்டிருந்த ஜீப் ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்ததை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி எட்டிப் பெடலை மிதித்தாள், நின்றது. காலை எடுத்ததும் போயிற்று. டைட்டஸ் விடுதலையானார், லைசென்ஸ் திரும்பி வந்தது, இப்போது பள்ளிகொண்டாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஹம்மாத்துக்கு ஆறு மாதம். வேலூர் ஜெயிலுக்கு வாரம் தவறாமல் பில்கிஸ் போனாள். டைட்டஸ் ஒருமுறையும் போகவில்லை. வெளியே வந்தபிறகு ஹம்மாத் எதிரே வந்தால் அவர் தலையசைப்பார், அதோடு சரி.

ஜீப் அடிவாரத்து பஸ் ஸ்டாப்புக்கும் மலைமேல் கடைசி ஊருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. டீசல் கேட்பதில்லை. ஹம்மாத் மாதம் ஒருமுறை போய் பிரேக் ஆயில் பார்த்து, பைப்புகளை விரலால் தடவி, கூடவே நடந்தபடி நட்டுகளை இறுக்கிவிட்டு வருகிறான். அன்றைக்குப் பிறகு சங்கீதா அவனோடு பேசியதில்லை. சென்ற மார்ச்சில் புளி உலுக்கும் பருவத்தில் அவள் கூலிக்கு மலையேறினாள். சாயங்காலம் இறங்கும்போது பெண்கள் வழக்கம்போல மூட்டைகளை ஜீப்பில் போட்டார்கள். கொஞ்ச நேரம் தன் மூட்டையைத் தலையிலேயே சுமந்து வந்த சங்கீதா, பிறகு அதைப் பின்னால் வைத்தாள். பின்தங்கி வந்த ஒருத்தி, "ஏ, நிறுத்துடி, என்தும் இருக்குது" என்று கத்தினாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது சங்கீதாதான். உள்ளே ஒரு கால் வைத்துப் பெடலை மிதித்துப் பிடித்தாள். ஜீப் நின்றது. அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து மூட்டையை ஏற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு சங்கீதா காலை எடுத்தாள்.