பத்து விநாடிப் படம்

1972 ஏப்ரலில் அமிர்தலிங்கம் முடுக்கிவிட்ட பத்து விநாடி 1981 ஆகஸ்டில்தான் முடிந்தது. மலேசியாவில், தானா ராத்தா ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் களைக்கு மருந்தடிப்பவன். மனைவி சீதாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை; வேலை பெர்மிட் கிடைக்காததால் அந்த மாதக் கடைசிக்குள் அவள் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். இங்கே பிறந்த மூன்று வயது திலகம் அப்பாவோடு இருப்பாள். போவதற்குமுன் மூவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேமரா இரவல் வாங்கினான். மண்ணெண்ணெய் டின்மேல் வைத்து, பத்து விநாடியில் தானாகப் படமெடுக்கும் விசையைத் திருப்பிவிட்டு ஓடிவந்து வாசலில் மனைவி பக்கத்தில் நின்றான். கர்ரென்று சத்தம் வந்தது. நிற்கவில்லை. இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு உலை வைக்கப் போனார்கள்.

கிளம்ப வேண்டிய நாளில், "போட்டோ இன்னும் விழலைங்க. விழுந்ததும் ஏறிக்கிறேன்" என்றாள் சீதா. கிராணி குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியே எழுதி மேலே, குடிநுழைவு அலுவலகத்துக்கு அனுப்பினார், மேலேயும் ஏற்றுக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து யாராவது வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துப் போனார்கள். மழைக்கு டின்மேல் கித்தான் போட்டார்கள். திலகம் பள்ளிக்கூடம் சேர்ந்தாள், சோறு வடிக்கப் பழகினாள்.

1979இல் மருந்து அமிர்தலிங்கத்தின் நுரையீரலைப் பிடித்தது. ஒரு வாரம் தாங்குவான் என்றார் டாக்டர். இரண்டு வருடம் கிடந்தான். நகங்கள் உதிர்ந்தன, தண்ணீர் இறங்கவில்லை, மூச்சு மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைதான் சீதாவிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "கேமராவ நிறுத்துனா நீ போகணும். நிறுத்தலைன்னா அவரு போக மாட்டாரு லா."

"முடிச்சு விடு சீதா" என்றான் அவன்.

"முடிச்சா கப்பல் ஏறணுமே."

"தெரியும். என்னால முடியல."

மூன்று நாள் அவள் டின் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் காலையில் அவளும் பாஞ்சாலையும் அவனை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். திலகத்துக்குத் தலை சீவி அவனருகே நிறுத்திவிட்டு, சீதா விசையைக் கடைசிவரை தள்ளி, ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள். 'டிக்' என்றது. அவன் தலை அவள் கைமேல் சாய்ந்தது.

காரியம் முடிந்த மறுநாள் சீதாவைக் கப்பலுக்குக் கொண்டுபோக லாரி வந்தது. ஃபிலிம் பூஞ்சை பிடித்து ஒன்றும் தேறவில்லை. கிராணிக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொன்னு எடுத்துடலாமா? நானே எடுக்கறேன்" என்றார்.

"வேணாங்க." சீதா மகளின் கையைப் பாஞ்சாலையிடம் கொடுத்தாள். "அப்பவே போயிருந்தா என்னைய மறந்திருப்பா. இப்ப பன்னண்டு வயசு. மறக்க மாட்டா."

சொல்லிவிட்டு லாரியில் ஏறினாள்.