முகமூடிக்குள் கேட்ட சொல்

முப்பது ஆண்டுகள் கரைவலை இழுத்து அகன்ற தோள்கள் துளசிங்கத்துக்கு. அந்தத் தோள்களுக்காகத்தான் அவரைப் படத்தில் வில்லனாக்கினார்கள். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒற்றை வேனில் வந்திறங்கிய சினிமாக் கூட்டத்துக்கு அந்த வேடத்துக்கென ஒரு நடிகனை அழைத்துவர வசதியில்லை. முகமூடியும் இங்கேயே செய்ததுதான். கரையில் கிடந்த தெர்மாகோல் மிதவையைக் குடைந்து கண்ணுக்கு இரண்டு துளைகள் போட்டார்கள். வாய்க்குத் துளை இல்லை.

பாழடைந்த இறால் பண்ணையில் ஒரு பெண்ணை முகமூடிக்காரன் ஐந்து நாள் அடைத்து வைக்கிறான். ஆறாம் நாள் அவள் தப்பிக்கிறாள். படத்தின் கதை அவ்வளவே.

அந்தப் பெண்ணாக நடித்தவள் ஹேமாவதி, நாமக்கல் பக்கத்தவள். முதல் நாளே துளசிங்கம் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கோயில் வாசலில் நிற்பவர்போல அவள்முன் நின்றார்.

"பயப்படாத கண்ணு. என் கையால உனுக்கு ஒரு கீறல் படாது. நோவுதுனு ஒரு வார்த்த சொல்லு, விட்டுடறேன்."

"நோவுதா? எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோங்ணா." அவள் சிரித்தாள். "சரி, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

நான்கு நாள்கள் அந்த வாக்கு பழுதின்றி நின்றது. அவளும் அந்தச் சொல்லோடு விளையாடப் பழகியிருந்தாள். தேநீர் சுட்டாலும், "அண்ணா, நாக்கு நோவுது, விட்டுடுங்க!" என்பாள். முகமூடிக்குள் அவர் சிரிப்பது வெளியே தெரியாது.

ஐந்தாம் நாள் பிற்பகல் இயக்குநர் ரமேஷ் அவரைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, இந்த ஷாட்தான் படமே. அவ வாசலைத் தாண்டித் தவழ்ந்து போறா. நீங்க உள்ளேருந்து கயித்த இழுக்கணும். கெஞ்சுவா, அழுவா. எல்லாம் நடிப்பு. நிறுத்திடாதீங்க."

"நோவுதுனா நிறுத்திடுவேன் சார்."

"அதச் சொன்னா நிறுத்துங்க."

அவளுடைய இரு மணிக்கட்டுகளிலும் கயிறு. அதன் மறுமுனை இருட்டறைக்குள் துளசிங்கத்தின் கையில். கேமரா வெளியே இருந்தது; முகமூடித் துளைகளில் அவருக்கு வாசல் வெளிச்சம் மட்டுமே கூசியது. அவர் மெல்ல இழுத்தார். "விட்டுடு" என்றாள், "அம்மா" என்றாள். எல்லாம் எழுதிக் கொடுத்த வசனம். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வாசற்படியில் பழைய ஷட்டரின் இரும்புத் தடம் பெயர்ந்து நின்றது. கயிற்றோடு அவளுடைய வலக்கை அதற்குள் சிக்கியது. அலறல் மாறியது.

"வலி! வலி! வலி!"

குப்பத்தில் வலி என்றால் நோவு அன்று; இழு என்று பொருள். கரைவலைக் கயிற்றில் இருபது பேர் நிற்கையில் முன்னவன் கொடுக்கும் குரல் அது. அலை பின்வாங்கும் கணத்தில் அந்தக் குரல் எழுந்தால், குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து இழுக்க வேண்டும். யோசித்து நின்றால் மீன் தங்காது. ஆகவே காது அந்தச் சொல்லை மனத்திடம் கொடுப்பதில்லை; நேரே கையிடம் கொடுத்துவிடும்.

உயிர் பதறிய கணத்தில் ஹேமாவதிக்குக் கற்ற சொல் மறந்து, பிறந்த ஊரின் சொல் வந்தது. துளசிங்கத்தின் கைகளும் தாம் பிறந்த கரைக்கே போயின. குதிகால் ஊன்றியது. மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் இழுத்தார். ஏதோ முறிந்தது. மரச்சட்டம் என்று நினைத்தார்.

மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, அந்தக் கை இனி முழுதாக மடங்காது என்றார்கள் பொன்னேரி ஆஸ்பத்திரியில். மறுநாள் கட்டிலருகே போய் நின்றவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலையாண்ணா?"

"கேட்டுச்சு கண்ணு. கேட்டதாலதான் வலிச்சேன்."

சொன்ன பிறகே தம் வாயிலிருந்து வந்த சொல் எதுவென்று அவருக்கு உறைத்தது. விளக்க எண்ணி ஓரடி முன்வந்தார். முகமூடிக்கு ஒருநாளும் அஞ்சாதவள், வெறும் முகத்தைக் கண்டு அஞ்சிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரமேஷ் அந்த ஷாட்டை நீக்கவில்லை என்று கேள்வி.

பத்து நாள் கழித்துக் கரைவலைக்கு இறங்கினார். கயிற்றின் முன்னால் நின்றவன் அவருடைய அக்காள் மகன் பூவரசன். அலை பின்வாங்கியது.

"வலி!"

துளசிங்கத்தின் விரல்கள் தாமே விரிந்தன. கயிறு உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஓடியது.

"இன்னா மாமா, உட்டுட்ட? தூங்கறியா?"

"வேற வார்த்த சொல்லுடா."

"வலைக்கு வேற வார்த்த ஏது மாமா?"

அவர் கயிற்றை விட்டு விலகி மணலில் உட்கார்ந்தார். மீதிப் பத்தொன்பது பேரும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.