கடைசிப் பட்டை

ஷூ-யுவான் திரையிலிருந்த நுரையீரல் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். மேலே ஒரு கிழவரின் மார்பு. அடியில் மெல்லிய பட்டையாக வேறு யாருடைய விலா எலும்போ தெரிந்தது. பழுதென்று ஓர் ஆஸ்பத்திரி திருப்பியனுப்பிய டிஸ்க்கிலிருந்து எடுத்த படம் அது. டிஸ்க்குக்குள் இருந்தது அவர்கள் குழு வடிவமைத்த சிப்.

டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்குத் தரவைச் சுமப்பது கணினியின் மையச் செயலி அல்ல. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிட்டு அது வேறு வேலைக்குப் போய்விடும். சிப்பில் இருக்கும் தனிச் சுற்று ஒன்று அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டி, முடிந்தது என்று சைகை காட்டும். அதை நம்புவதைத் தவிர செயலிக்கு வேறு வழியில்லை. இங்கே கடைசிச் சுமை வந்து சேருமுன்பே சைகை போயிருந்தது. அந்த இடத்தில் முன்பு கிடந்த இன்னொருவரின் படத்தைச் செயலி எடுத்துக் கொடுத்துவிட்டது.

மேலாளர் லியாவ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெய்-சுவுக்கு அன்று பிற்பகல் ஆத்தங்கரை ஆஸ்பத்திரியில் நுரையீரல் அறுவை சிகிச்சை.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிற? மிஷின் மக்கர் பண்ணாம இருக்க அது மேல வைக்கிற பச்சைப் பொரிப் பாக்கெட்டை மறந்துட்டியா?"

அவள் சொன்னாள். அவர் கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடிக்கடி வருதா?"

"இல்லண்ணா. வேலை குவியறப்ப எப்பவாவது."

"அப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"ஆத்தங்கரை ஆஸ்பத்திரியில இன்னமும் இதே டிஸ்க்தான் ஓடுது."

பை தோளிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை.

"மெய்-சுவுக்கு இருமல்கூட இல்ல," என்றார் மெதுவாக. "ஸ்கேன்ல அடியில ஒரு புள்ளி தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

ஷூ-யுவான் திரையின் அடியிலிருந்த பட்டையைப் பார்த்தாள். அந்தப் புள்ளி மெய்-சுவுடையதாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது.

அவர் ஆஸ்பத்திரியை அழைத்து அலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அவங்களைச் சீக்கிரமே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களே சார்," என்றாள் நர்ஸ்.

"நிறுத்தச் சொல்லுங்க. அந்தப் படம் தப்பா இருக்கலாம்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. அந்தப் படம் இருக்கற டிஸ்க்குக்கு சிப் செஞ்சவன்."

"இருங்க, கேட்டுட்டு வரேன்."

மறுமுனையில் ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பொலி நீண்ட தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போனது. எங்கோ ஒரு கனமான கதவு திறந்து மூடிக்கொண்டது. அதன்பின் ஏதோ இயந்திரத்தின் சீரான முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.